60,000 ரூபாய்க்கு இரண்டு ஷாக்கும் ஒரு மோட்டாரும்: பெங்களூருவில் ஒரு மின்சார மவுண்டன் சைக்கிளை வைத்திருக்கும் அனுபவம்

முன்னும் பின்னும் ஷாக் வைத்த மின்சார மவுண்டன் சைக்கிளை 60,000 ரூபாயை ஒட்டிய விலையில் வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, மோட்டார் எத்தனை வாட், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற இரண்டு கேள்விகளைத்தான். அல்சூரிலிருந்து வேலைக்கும், விடுமுறை நாட்களின் காலையில் எலகங்காவைத் தாண்டி அவலஹள்ளிக் காட்டின் மண்பாதைகளுக்கும் அப்படிப்பட்ட ஒரு சைக்கிளை நான் ஓட்டி வருகிறேன். மோட்டாரும் பேட்டரியும் எனக்குப் பெரிய தொல்லை கொடுத்ததில்லை. பின்பக்கத்தில் அசையும் மூட்டுகள், பின்சக்கரம், பிரேக் ஆகிய மூன்றும்தான் என் நேரத்தையும் பணத்தையும் எடுத்துக்கொண்டன. ஆகவே அவற்றைப் பற்றியே இங்கு அதிகமாக எழுதுகிறேன்.

பெடலின் அச்சிலேயே மோட்டாரும், மிதிக்கும் விசையை அளக்கும் சென்சாரும் பொருத்திய நல்ல மின்சார மவுண்டன் சைக்கிள் பல லட்சம் ரூபாய். மோட்டாரே இல்லாமல், நம்பகமான பின் ஷாக் மட்டும் உள்ள சைக்கிள்கூட லட்சத்தைத் தாண்டிவிடும். இந்நிலையில் 60,000 ரூபாய்க்குள் மோட்டார், கன்ட்ரோலர், லித்தியம் பேட்டரி, இரண்டு ஷாக் ஆகிய அனைத்தையும் அடக்க வேண்டுமென்றால் எங்காவது குறைத்தே ஆக வேண்டும். பின் ஷாக்கில் அதிர்வை அடக்கும் எண்ணெய் அமைப்பு இருக்காது. வெறும் சுருள் ஸ்பிரிங்தான் இருக்கும். பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மின் மூட்டில் பேரிங்குக்குப் பதிலாக புஷ் எனப்படும் சிறு குழல்தான் இருக்கும். மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும். ஏழு பல்சக்கரங்கள் கொண்ட ஃப்ரீவீல் அதன் மேல் மறையில் முறுக்கப்பட்டிருக்கும். டிஸ்க் பிரேக் கேபிளால் இழுக்கப்படுவதாக இருக்கும். இவை எவையும் மறைக்கப்பட்டவை அல்ல. விவரப் பட்டியலில் சிறிய எழுத்தில் இருப்பவைதான்.

இத்தனை இருந்தும் நான் ஏன் பின் ஷாக் உள்ளதையே தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இடுப்பு வலி உண்டு. பெங்களூருவில் தெருவுக்குத் தெரு இருக்கும் வேகத்தடைகள், குழாய் பதிக்கத் தோண்டி மண்ணை மட்டும் போட்டு மூடிய பள்ளங்கள், கான்கிரீட் போட்ட சாலை பழைய தார்ச்சாலையோடு சேரும் இடத்தில் நிற்கும் விளிம்பு ஆகியவற்றின் மேல் முன் ஷாக் மட்டும் உள்ள சைக்கிளில் தினமும் போய்வர என் முதுகு இடம் கொடுக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்கு இந்த வண்டி முழுமையாகப் பதில் சொல்லியிருக்கிறது. ஆனால் முதுகுத் தொல்லை இல்லாதவர், மண்பாதையில் ஓட்டுவதே நோக்கம் என்பவர், இதே பணத்துக்கு முன் ஷாக் மட்டும் உள்ள மின்சார சைக்கிளை வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. எடை இரண்டு மூன்று கிலோ குறையும், பேட்டரி வைக்க இடம் கிடைக்கும், தேயும் மூட்டுகளும் இருக்காது. இரண்டு பக்கமும் ஷாக் இருப்பதால் உயரத்திலிருந்து குதிக்கலாம் என்று இளைஞர்கள் நினைத்துக்கொள்வது எனக்குக் கவலை தருகிறது. இந்த விலையில் கிடைக்கும் சட்டகமும் மூட்டும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

பின் ஷாக்கைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது ஓட்டுபவரின் எடைக்குப் பொருந்த வேண்டும் என்பது. சைக்கிளில் சாதாரணமாக ஏறி உட்கார்ந்ததும் ஷாக் தன் மொத்த அமுக்கத் தூரத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் 30 விழுக்காடு வரை இறங்க வேண்டும். இதை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஷாக்கின் இரு முனைகளிலும் உள்ள போல்ட்டுகளின் மையத்திலிருந்து மையத்துக்கு டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு, சுவரில் கை ஊன்றியபடி ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை மீண்டும் அளக்கச் சொன்னால் போதும். 38 மி.மீ. அமுங்கக்கூடிய ஷாக் என்றால் 10 அல்லது 11 மி.மீ. இறங்கினால் சரி. என் எடை 75 கிலோ. வண்டியோடு வந்த ஸ்பிரிங் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. உட்கார்ந்தபோது அது அசைந்ததே தெரியவில்லை. ஸ்பிரிங்கின் மேலேயே 650, 750, 850 என்று எண் அச்சிட்டிருப்பார்கள். ஓர் அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு விசை தேவை என்பதே அந்த எண். ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருகினால் மென்மையாகும், கடினமாகும் என்று கடைகளில் சொல்வார்கள். அந்த வளையம் ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. அது எந்த இடத்திலிருந்து அமுங்கத் தொடங்குகிறது என்பதை மட்டுமே மாற்றும். இரண்டு சுற்றுக்கு மேல் இறுக்க வேண்டியிருந்தால் ஸ்பிரிங்கையே மாற்றுவதுதான் வழி. அதே நீளமும் உள்விட்டமும் கொண்ட குறைந்த எண் ஸ்பிரிங்கை வாங்கிப் போட்ட பிறகுதான் எனக்குப் பின் ஷாக் என்ற ஒன்று இருப்பதே தெரிந்தது. காற்று நிரப்பும் ஷாக் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும், எடைக்கேற்ப அழுத்தத்தையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது அதற்குச் செலவிட வேண்டும். தேய்ந்த மூட்டின் மேல் அவ்வளவு நல்ல ஷாக்கை வைத்துப் பயனில்லை.

எண்ணெய் இல்லாத ஷாக்கின் குணம் இறக்கத்தில் தெரியும். ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் வாங்கிய விசையை அப்படியே திருப்பித் தரும். அடுத்தடுத்து மூன்று வேர்களோ கற்களோ வந்தால், இரண்டாவதில் சீட்டு ஓட்டுபவரை மேலே உதைக்கும், மூன்றாவதில் பின்சக்கரம் தரையைவிட்டு எழும். மோட்டார் பின்சக்கரத்திலேயே இருப்பது இதை இன்னும் மோசமாக்குகிறது. சுமார் 3 கிலோ எடை ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து குதிப்பதால், சிறு சிறு மேடு பள்ளங்களைச் சக்கரத்தால் வேகமாகப் பின்தொடர முடிவதில்லை. ஆகையால் கல் நிறைந்த இறக்கத்தில் நான் சீட்டைத் தாழ்த்தி, பெடல்களில் எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் கீழேயே இறங்குகிறேன். அந்த வேகத்தில் இந்தச் சைக்கிள் மிகவும் பணிவாக நடந்துகொள்கிறது.

அடுத்தது மூட்டு. வண்டியை நிறுத்தி, ஒரு கையால் சீட்டையும் மறு கையால் பின் டயரையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று கைக்குத் தெரிந்தால் ஸ்விங் ஆர்ம் போல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது. போல்ட் தளர்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் புஷ் நீள்வட்டமாகத் தேயும்; அதற்குப் பின் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் நிற்காது. புதிய வண்டியில் முதல் சில வாரங்களுக்குள்ளேயே அந்த போல்ட்டைக் கழற்றி, மறையைத் துடைத்து, போல்ட் தளராமல் பிடித்துக்கொள்ளும் நீல நிற மறைப்பூட்டுத் திரவம் ஒரு துளி விட்டு மீண்டும் முடுக்குவது நல்லது. சிவப்பு நிறத் திரவத்தைப் போட்டால் பிறகு சூடுகாட்டாமல் கழற்ற முடியாது. என் வண்டியின் புஷ் தேய்ந்தபோது, விற்ற நிறுவனம் அந்த உதிரிப்பாகம் தனியாகக் கிடைக்காது, ஸ்விங் ஆர்மை முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. பெங்களூருவில் இருப்பதன் அருமையை அப்போதுதான் உணர்ந்தேன். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய புஷ்ஷையும் போல்ட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். வெண்கலத்தில் இரண்டு புஷ் கடைந்து, மூட்டுக்குள் இறுக்கமாக உட்காரும்படி அளவு பார்த்துக் கொடுத்தார்கள். செலவு சில நூறு ரூபாய். அவற்றை கிரீஸ் தடவிப் பொருத்தியதிலிருந்து மூட்டில் ஆட்டமில்லை. மழைக்காலத்தில் மட்டும் கழற்றி, மண்ணைத் துடைத்து, மறுபடி கிரீஸ் வைக்கிறேன்.

பின்சக்கரத்தின் கம்பிகளைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னவர் அல்சூர்ச் சந்தைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர். சக்கரத்தைக் கையில் வாங்கிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, “மோட்டார் ஓடும் சார், கம்பிதான் தாங்காது. இழுக்குறது இங்க, உக்காருறது இங்க, குதிக்கிறதும் இங்கதான்” என்றார். அவர் சொன்னதில் இயந்திரவியல் முழுவதும் இருக்கிறது. ஓட்டுபவரின் எடையில் பெரும்பகுதி, மோட்டாரின் எடை, மோட்டாரின் இழுவிசை ஆகிய மூன்றும் ஒரே சக்கரத்தின் கம்பிகளில் விழுகின்றன. கம்பிகள் எல்லாவற்றிலும் விறைப்பு ஒரே அளவில் இல்லாவிட்டால், தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து, தலைப்பகுதியில் முறிந்துவிடும். ஒன்று முறிந்தால் பக்கத்திலிருப்பவையும் வரிசையாக முறியும். புதிய சக்கரத்தை இரண்டு மூன்று வாரம் ஓட்டியபின் கோட்டம் எடுக்கக் கொடுப்பது மிக அவசியம். அந்தக் கடைகளில் இன்றும் காதால் கேட்டே விறைப்பைச் சரிபார்க்கிறார்கள், அது போதும். அச்சின் இருபுறமுள்ள நட்டுகளையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது அச்சு தன்னைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொள்ளப் பார்க்கும். அச்சின் தட்டையான பக்கங்களும் அவற்றைப் பிடித்திருக்கும் பல்லுள்ள வாஷரும்தான் அதைத் தடுக்கின்றன. நட்டு தளர்ந்தால் அச்சு சுழன்று, அதற்குள்ளே செல்லும் மோட்டார் ஒயரை முறுக்கி அறுத்துவிடும். சக்கரத்தைக் கழற்றிய எவரும் அந்த வாஷரைப் போட மறந்து சக்கரத்தை மீண்டும் மாட்டிவிடக் கூடாது.

பஞ்சர் ஒரு தனிக்கதை. டயரில் காற்று குறைவாக இருந்தால், கனமான பின்சக்கரம் கல் விளிம்பில் மோதும்போது டியூபில் பாம்புக்கடிபோல் இரண்டு வெட்டுகள் விழும். என் எடைக்குப் பின்னால் 35, முன்னால் 28 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைத்த பிறகு அது நின்றது. ஆணி குத்தினால் சாலையோரப் பஞ்சர் கடையில் ஒயரைப் பார்த்ததும் தொடவே தயங்குகிறார்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், டயரை ஒருபக்கம் நெம்பி டியூபை வெளியே எடுத்து ஒட்டினால் போதும் என்று சொன்னால் உடனே செய்து தருவார்கள். டியூபையே மாற்ற வேண்டிய இடத்துக்காக 18 மி.மீ. ஸ்பேனர் ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். கழற்றும் முன் ஸ்விங் ஆர்ம் மேல் இருக்கும் மோட்டார் கனெக்டரை நேராக இழுத்துப் பிரிக்க வேண்டும். சேர்க்கும்போது இரு அம்புக்குறிகளையும் எதிரெதிரே வைத்துத் திருகாமல் நேராக அழுத்த வேண்டும். திருகினால் உள்ளே முள் வளைந்துவிடும்.

அந்த ஒயரிலேயே பின் ஷாக் உள்ள வண்டிக்கு மட்டும் வரக்கூடிய கோளாறு ஒன்று இருக்கிறது. ஸ்விங் ஆர்ம் அசையும் ஒவ்வொரு முறையும் ஒயர் மூட்டுக்கு அருகில் வளைகிறது. அதை இறுக்கமாகக் கட்டியிருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய சென்சார் ஒயர்கள் நாளடைவில் முறியும். சமதரையில் நன்றாக ஓடும் மோட்டார் மேடு பள்ளத்தில் மட்டும் விட்டுவிட்டு இழுத்தால், மோட்டாரையோ கன்ட்ரோலரையோ மாற்றச் சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்கும் முன், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, மூட்டருகே ஒயரைக் கையால் அசைத்துப் பாருங்கள். என் வண்டியில் கோளாறு அங்கேதான் இருந்தது. மின்னணு உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கனெக்டரும் வெப்பத்தில் சுருங்கும் உறையும் வாங்கிச் சரிசெய்து, ஷாக் முழுதாக அமுங்கும்போதும் இழுபடாத அளவுக்கு ஒரு சிறு வளையம் விட்டுக் கட்டியிருக்கிறேன்.

மேட்டில் ஏறுவதைப் பற்றிய எதிர்பார்ப்பையும் திருத்திக்கொள்ள வேண்டும். பின்சக்கர மோட்டாருக்கு கியர் மாற்றுவது எந்த வகையிலும் உதவாது. கியர் காலுக்கு மட்டும்தான். சக்கரம் மெதுவாகச் சுழலும்போது பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகிவிடும். ஆகவே நீண்ட ஏற்றத்தில் வேகம் 10 கிலோமீட்டருக்குக் கீழே போகாதபடி, சிறிய கியரில் வேகமாக மிதித்துக் காலால் உதவ வேண்டும். நந்தி மலையின் உச்சி 1,478 மீட்டர். பெங்களூரு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையடிவாரத்திலிருந்து ஏறும்போது கடைசி வளைவுகளுக்கு முன் நான் நின்று மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பேன். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளேயிருக்கும் நைலான் பற்சக்கரங்களுக்கு ஆபத்து. அது ஆறும்வரை காத்திருப்பேன். ஒரு கணக்கு பயன்படும். வண்டியும் ஆளும் சேர்ந்து 100 கிலோ என்றால், 100 மீட்டர் உயரம் ஏற 27 வாட் மணி ஆற்றல் தேவை. மோட்டாரே முழுதும் இழுத்தால், வெப்பமாக வீணாவதையும் சேர்த்து 40 வாட் மணி அளவுக்குப் போய்விடும். 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது மொத்தமே 360 வாட் மணி. நகரச் சாலையில் 40 கிலோமீட்டர் தரும் அதே பேட்டரி காட்டுப் பாதையில் 25 கிலோமீட்டரில் முடிவது இதனால்தான். அவலஹள்ளிக்குப் போகும் வழியில் மோட்டாரைக் குறைந்த நிலையிலேயே வைத்திருந்து, சேமித்ததைக் காட்டுக்குள் செலவிடுகிறேன். வனத்துறையின் நிலம் என்பதால் நுழைய அனுமதி உண்டா, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். துரஹள்ளிக் காட்டுக்கும் இது பொருந்தும்.

மிதிக்கும் விசையை அளக்காமல் பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் அறியும் சென்சார் இந்த வண்டிகளில் இருக்கும். மிதித்து அரைச் சுற்று ஆன பிறகே மோட்டார் விழிக்கும். நிறுத்தினாலும் ஒரு கணம் கழித்தே ஓயும். பாறைகளுக்கிடையே மெதுவாகத் திரும்பும்போது அந்த ஒரு கணம் போதும், தள்ளிவிடும். பிரேக் பிடியில் உள்ள மின்துண்டிப்பு ஸ்விட்சை லேசாகத் தொட்டபடியே மிதித்தால் மோட்டார் எழாது. இப்பழக்கம் கைவந்துவிட்டால் குறுகிய பாதைகளில் பயமில்லை.

கேபிள் டிஸ்க் பிரேக்கில், டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் இரண்டு பேடுகளில் பெரும்பாலும் ஒன்று மட்டுமே அசையும், எதிரிலிருப்பது நிலையானது. பேடு தேயத் தேய, கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் டிஸ்க் ஒருபக்கமாக வளைந்து உரசும். நிலையான பேடையும் எல் கீயால் சிறிது முன்னே கொண்டுவர வேண்டும். 26 கிலோ வண்டியை நந்தி மலையிலிருந்து இறக்கும்போது இடைவிடாமல் பிடித்துக்கொண்டே வராமல், விட்டுவிட்டுப் பிடித்தால் பேடு பளபளப்பாகிப் பிடிப்பை இழப்பது குறையும். எண்ணெய் அழுத்த பிரேக்குக்கு மாறுவது மிக நல்ல செலவு. ஆனால் அந்தப் பிடியிலும் மோட்டாரைத் துண்டிக்கும் சென்சார் இருந்தே ஆக வேண்டும். அதில்லாமல் மாட்டிக்கொடுக்கும் கடையில் மாட்ட வேண்டாம்.

பேட்டரிக்குப் பெங்களூருவின் தட்பவெப்பம் அருள்தான். ஓட்டி வந்தவுடன் சார்ஜில் போடாமல் அரை மணி நேரம் ஆறவிட்டு, வெளியே போகும் வழியை அடைக்காத இடத்தில், விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்கிறேன். முழு சார்ஜுக்கு அரை யூனிட் மின்சாரம்கூட ஆவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போவேன். மழையைப் பொறுத்தவரை தூறல் ஒன்றும் செய்யாது. சுரங்கப்பாலத்தில் அச்சு மூழ்கும் அளவுக்குத் தேங்கிய தண்ணீரில் இறக்குவதும், சர்வீஸ் நிலையத்தில் பீய்ச்சும் தண்ணீரால் கழுவுவதும்தான் மோட்டாருக்குள் ஈரத்தைக் கொண்டுபோகும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் கீழேயும், மணிக்கு 25 கிலோமீட்டரில் மோட்டார் உதவி நிற்பதாகவும் இருந்தால்தான் அது பதிவும் உரிமமும் தேவைப்படாத சைக்கிள். வண்டியின் திரையில் வேக வரம்பு எண்ணை மாற்றி மணிக்கு 40 கிலோமீட்டர் வரை ஓடவைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் விலகி நில்லுங்கள். விபத்து நேர்ந்தால் பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டியவராக நீங்கள் நிற்பீர்கள். அந்த வேகத்துக்கு இந்தப் பிரேக்கும் போதாது.

புதிதாக வாங்குபவர் பணம் கட்டும் முன் விற்பவரிடம் ஸ்விங் ஆர்ம் புஷ், அதே அளவுப் பின் ஷாக், மாற்றுப் பேட்டரி மூன்றும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பழையதை வாங்குபவருக்கு விலை பேசும் முன் கால் மணி நேரச் சோதனை போதும். பின் டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கி விறைப்பைப் பாருங்கள். மூட்டருகே ஒயரின் உறையில் வெடிப்பிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முழு சார்ஜில் மல்டிமீட்டர் வைத்து அளந்தால் 36 வோல்ட் பேட்டரி 42 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு நல்ல மேட்டில் ஏற்றிவிட்டு உடனே மீண்டும் அளக்கும்போது அது சட்டென்று பல வோல்ட் இறங்கியிருந்தால், புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.